காளியம்மை, இரண்டாம் பதிப்பு

மூன்றாவது முறையும் அந்தப் பெயரே பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. மஞ்சுஷா திரையை விரலால் சுட்டினாள்.

"இக்கா, அதைக் கீழே எறக்குங்க. எங்கியாவது நடுவுல போய்க் கெடக்கட்டும்."

"நான் எறக்குறேன் மோளே, அது திரும்ப ஏறிப்போகுதே!" மட்டாஞ்சேரி ஜெட்டி ரோட்டில் பத்து வருஷமாக ஆராய்ச்சிக் கட்டுரைகளை டைப் அடித்துக் கொடுக்கும் ஷாபாஸ், மவுஸை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். "நூத்தி நாப்பது புஸ்தகம். பாக்கியெல்லாம் ஏ, பி, சி, டின்னு ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது. இது ஒண்ணு மாத்திரம் யூனியன் லீடரு!"

மேற்கோள் நூல்களைத் தானே ஆங்கில அகரவரிசையில் அடுக்கித் தரும் மென்பொருள் அது. கையால் இழுத்துக் கீழே போட்டால் சமர்த்தாக இருக்கும். அச்சுக்குக் கொடுத்ததும் மறுபடி அடுக்கி, அந்தப் பெயரை மட்டும் மேலே ஏற்றிவிடும்.

மணி பதினொன்றே முக்கால். நெறியாளர் வெங்கிடேஸ்வரன் சார் பன்னிரண்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்படியே சென்னை ரயிலுக்குப் போகிறார். நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் சேர்க்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பும் காயலில் போட்ட கல்.

"வரிசை தப்பினா சாரு கொன்னா போடுவாரு?"

"வரிசையெல்லாம் அவரு நோக்க மாட்டாரு இக்கா. லிஸ்ட்ல முதல் பேருல விரலை வைப்பாரு. அதைப் பத்திப் பேசுவாரு. அவ்வளவுதான்."

அதுதான் பயம். எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் சார் படித்திருப்பார். 'படித்ததில்லை' என்று அவர் வாயிலிருந்து இந்த ஆறு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஷாபாஸ் கண்ணைச் சுருக்கித் திரையை வாசித்தார். "காளியம்மை. மட்டாஞ்சேரி ஓடைகளும் கடலேற்றமும். இரண்டாம் பதிப்பு..." சட்டென்று வாசல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "படைச்சோனே! இது நம்ம காளியக்கா பேரில்லியா?"

பெஞ்சில் காளியம்மை சாயா குடித்துக்கொண்டிருந்தாள். மகளின் ஆராய்ச்சி புறப்படுவதைப் பார்க்க ஓடை வேலையிலிருந்து நேரே வந்தவள். கார்ப்பரேஷன் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மெல்லப் பேசுங்க இக்கா!"

"அக்கா சம்பளம் வாங்கவே பெருவிரலைத்தானே வைக்கும்? புஸ்தகம் எப்ப எழுதிச்சு?"

எழுதவில்லைதான். ஆனால் கடலேறும்போது எந்த ஓடையில் தண்ணீர் திரும்பி வரும், எந்த மூடிக்குக் கீழே எந்தக் காலத்துக் குழாய் கிடக்கிறது என்று முப்பது வருஷம் இறங்கிப் பார்த்த அம்மா சொன்னதுதான் மூன்றாம் அத்தியாயம் முழுவதும். "ஓடையில சேறு கோருறவா சொன்னதெல்லாம் ஆதாரமா? புஸ்தகம் உண்டோ, புஸ்தகம்?" என்று சார் சிவப்பு மையால் குறுக்கே கோடிழுத்திருந்தார்.

அதனால் மஞ்சுஷா புத்தகம் உண்டாக்கினாள். பொய் என்று ஆனபிறகு கஞ்சத்தனம் எதற்கு என்று இரண்டாம் பதிப்பும் போட்டாள்.

"தூக்கிக் களஞ்சிரட்டா?" ஷாபாஸின் விரல் டெலிட் பட்டனுக்கு மேலே நின்றது.

மஞ்சுஷா அவர் கையைத் தள்ளினாள். "வேண்டாம். அது போனா மூணாம் அத்தியாயமே போச்சு. இருக்கட்டும், நடுவுல ஒளிஞ்சு இருக்கட்டும்."

ஷாபாஸ் அந்தப் பதிவைத் திறந்தார். "கிட்டிப்போச்சு! ஆசிரியர் கட்டத்தைப் பாரு."

குடும்பப் பெயர், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர் என்று அந்தக் கட்டம் கேட்கும். மஞ்சுஷா காற்புள்ளியிலேயே தொடங்கியிருந்தாள். அதற்கு முன்னால் போட அம்மாவிடம் எதுவும் இருந்ததில்லை.

"எல்லா எழுத்துக்கும் முந்தினது இந்தக் காற்புள்ளி. அதான் மேல போய்க் குந்தியிருக்குது." அதை அழித்தார். காளியம்மை சத்தமில்லாமல் இறங்கி 'கே'க்களுக்கு நடுவே போய் நின்றாள். பிரிண்டர் முனகிக்கொண்டு காகிதத்தை இழுக்கத் தொடங்கியது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"ஏய், காலை மடக்கிக்கோ." வெங்கிடேஸ்வரன் சாரின் குரல். காளியம்மை காலையும் சாயா கிளாஸையும் ஒருசேர இழுத்துக்கொண்டாள்.

சார் உட்காரக்கூட இல்லை. புதிய பட்டியல் இன்னும் பிரிண்டரின் வாயில் பாதியாகத் தொங்கியது. மேஜைமேல் கிடந்த பழைய பட்டியல்தான் அவர் கையில் ஏறியது.

"சாரே, அதில்ல, இது..." என்று ஷாபாஸ் எழுவதற்குள் விரல் முதல் பெயரில் இறங்கிவிட்டது. மஞ்சுஷா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் அத்தியாயம், ஆறு வருஷம், அம்மா, எல்லாம் அந்த விரலுக்கு அடியில்.

"காளியம்மை..." என்று சார் உரக்க வாசித்தார்.

வாசலில் காளியம்மை, கூப்பிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு மெல்லப் பேனாவைத் திறந்தார்.

"இது நான் படிச்சதாக்கும். முதல் பதிப்பு இதைவிடக் கேமம், பிரமாதம்."

கையெழுத்து விழுந்தது. வாசலில் வழியை மறித்து நின்றவளைத் தள்ளிப்போகும்படி புறங்கையால் சைகை காட்டிவிட்டு, அவர் திரும்பி மஞ்சுஷாவிடம் சொன்னார்:

"எழுதினவாளை எனக்கு நல்ல பரிச்சயம்."