தீப்பெட்டி வீடு

ஓடுகிற ஆற்றை ஒற்றைக் கையால் நிறுத்தி வைத்திருக்கிறேன். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புவியியல் செய்முறைத் தேர்வு. ஆய்வக உதவியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஆய்வகத்துக் குழாயைத் திறக்க ஈரேழு உலகத்திலும் வேறு ஆள் ஏது? மேசைமேல் தகரத் தட்டு, அது நிறைய மணல், மணலில் பாம்பாய் வளைந்த ஆறு. ஜன்னல் வெயில் ஈர மணலில் மினுங்குகிறது. வளைவின் வெளிக்கரையில் வீடென்று வைத்த தீப்பெட்டி பாதி அந்தரத்தில் நிற்கிறது. அது விழும் நொடியைக் குறித்தால்தான் மதிப்பெண். நிறுத்துக் கடிகாரம் பிடித்திருக்கும் மாணவி தீப்பெட்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போன மழையில் இப்படியொரு வளைவில்தான் இவள் வீடு போனது, உள்ளே தூங்கிய அம்மாவோடு. அவள் முகம் திருப்பியதைப் பார்த்துத்தான் தண்ணீர் வரும் டியூபை மடித்துப் பிடித்தேன். “தண்ணி ஏன் நின்னுச்சு?” என்கிறார் டீச்சர், என் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்கிறவர். “நான் சொன்னா ஆறு கேக்கும் டீச்சர்.” “ஆரம்பிச்சிட்டீங்களா உங்க புளுகை! கையை எடுங்கய்யா.” நான் எடுக்கவில்லை. மாணவி கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியை இரு கையாலும் தூக்குகிறாள். எதிர்க்கரையில், மணல் சேரும் பக்கம், மெல்ல வைக்கிறாள். வைத்தவள் அதன்மேலிருந்து கையை எடுக்கவேயில்லை. டீச்சர் அவளையே பார்க்கிறார். பிறகு விடைத்தாளை இழுத்து, விழுந்த நேரத்துக்கான கட்டத்தில் தானே எழுதுகிறார். “என்ன எழுதுனீங்க டீச்சர்?” அவர் மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். “ஆறு நின்னுடுச்சுன்னு எழுதியிருக்கேன். நின்னுச்சுதானேய்யா?”