மயிலுக்குப் பரிசில்லை

"இந்தக் கோணப் பூவுக்கு முதல் பரிசு. என் பிள்ளை கொண்டாந்த மயிலுக்கு ஆறுதல் பரிசுகூட இல்ல. கண்ணு தெரிஞ்சுதான் மார்க்குப் போட்டீகளா டீச்சர்?"

தலைமையாசிரியர் சத்தியமூர்த்தியின் மேசை மேல் இரண்டு கைவேலைகளையும் டொக்கென்று வைத்தாள் அனுசுயா. பக்கத்தில் அவள் மகள், ஆறாம் வகுப்பு சத்தியப்பிரியா, தலையைத் தொங்கப்போட்டு நின்றாள்.

எதிரே கைவேலை டீச்சர் ரேணுகா. காரைக்குடியில் இந்தப் பள்ளிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை.

போட்டி, குவில்லிங். மெல்லிய காகிதப் பட்டையை ஊசியில் சுருட்டி, கொஞ்சம் தளர விட்டு ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் கிள்ளினால் நீர்த்துளி. இரண்டு பக்கமும் கிள்ளினால் கண். அதையெல்லாம் அட்டையில் சேர்த்து ஒட்டினால் பூவோ பறவையோ வந்துவிடும். சொல்வதற்குச் சுலபம்தான்.

முதல் பரிசு வாங்கிய அஜித்தின் பூவுக்கு ஆறு இதழ். ஆறும் ஆறு அளவு. ஒன்று சுருள் பிரிந்து வாயைப் பிளந்திருந்தது. அட்டை முழுக்கப் பசை வழிந்திருந்தது.

மயில் அப்படியா? கண்ணாடிச் சட்டத்துக்குள் தோகையை விரித்து நின்றது. தோகையில் அறுபது கண்ணாவது இருக்கும். அத்தனையும் ஒரே அளவு. யாரைக் கேட்டாலும் மயிலுக்குத்தான் பரிசு என்பார்கள்.

சத்தியமூர்த்திக்கும் அப்படித்தான் தோன்றியது. போதாததற்கு அனுசுயாவின் கணவர் வீரபாண்டியன் பெற்றோர் சங்கத் தலைவர்.

"காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானேம்மா..." என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"இது காக்கா இல்ல சார், மயிலு! இன்னைக்கே பரிசை மாத்திக் குடுங்க. இல்லாட்டி இந்த டீச்சரை நிப்பாட்டச் சொல்லி எங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுப்பாரு."

சத்தியமூர்த்தி ரேணுகாவைப் பார்த்தார். "என்னம்மா, பேசாம இருக்கீக? ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லுங்க."

ரேணுகா சிறுமியை ஒரு தரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "கிளாஸ்ல சத்தியப்பிரியா ஒரு வாத்து செஞ்சாளேம்மா. அதைத்தான் போட்டிக்குக் கொண்டு வரச் சொன்னேன். அது என்னாச்சு?"

"அந்த நொண்டி வாத்தா? நாந்தான் குப்பையில போட்டேன். நாலு பேரு பாக்குற எடத்துல வைக்கிற மாதிரியா இருந்துச்சு?"

சத்தியப்பிரியாவின் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்த மயிலு?"

"அவதான் செஞ்சா. லீவுல மூணு நாளு எந்திரிக்காம உக்காந்து சுருட்டுனா. பக்கத்துல இருந்து நான் பார்த்தேன்ல?"

"எந்த ஊசியில சுருட்டுனா?"

"நீங்க வாங்கச் சொன்னீகளே, நுனி பிளந்த ஊசி, அதுலதான். வேற எதுல சுருட்டுவா?"

"அம்மா..." என்றாள் சத்தியப்பிரியா.

"நீ சும்மா இரு!"

ரேணுகா எழுந்து போய்ச் சிறுமியின் தோளைத் தொட்டாள். "தாயி, நீ கிளாசுக்குப் போ. கணக்கு சார் தேடுவாரு."

பிள்ளை கதவைத் தாண்டிப் போகும் வரை பார்த்து நின்றாள். பிறகு இரண்டையும் தலைமையாசிரியர் பக்கம் நகர்த்தினாள்.

"சார், பிளந்த ஊசியில சுருட்டுனா பட்டையோட நுனி அந்தப் பிளவுல மாட்டி மடங்கும். அஜித் பூவுல ஒவ்வொரு சுருளுக்கும் நடுவுல அந்த மடிப்பு இருக்கும், பாருங்க."

சத்தியமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆமா, இருக்கு." மயிலையும் பார்த்தார். "இதுல ஒண்ணுலயும் இல்லையே?"

"இருக்காது சார். இது பிளவில்லாத சாதா ஊசியில சுருட்டினது. நல்லாக் கை பழகினவுகளுக்குத்தான் வரும். பிள்ளைகளுக்கு அதை நான் இன்னும் சொல்லிக் குடுக்கவே இல்ல."

அனுசுயா அப்போதும் விடவில்லை. "யூடியூப்ல பார்த்துக் கத்துக்கிட்டிருப்பா. அதுவும் தப்பா?"

"தப்பில்லம்மா. ஆனா அந்த வாத்து வந்திருந்தா அதுக்குத்தான் முதல் பரிசு. ஒரு கால் வளைஞ்சிருந்தாலும், அத்தனையும் அவளே கிள்ளிக் கிள்ளி ஒட்டினது."

"நொண்டி வாத்துக்கு முதல் பரிசு, மயிலுக்கு ஒண்ணும் இல்லையாக்கும்! இது எந்த ஊரு நியாயம் சார்? என் பிள்ளை செய்யலைன்னா வேற யாரு செஞ்சாகளாம்? பேரைச் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம். சொல்ல முடியலைன்னா இவுக இன்னைக்கே வேலையை விட்டுட்டுப் போகட்டும்!"

சத்தியமூர்த்தி கையைப் பிசைந்தார்.

ரேணுகா சட்டத்தின் மேல் விரலை வைத்தாள். மயிலின் கழுத்து இருந்த இடம்.

"இங்க நீலப் பட்டை தீர்ந்துபோயி ஊதாவை ஒட்டியிருக்கு, தெரியுதா? போன வாரம்தான் கோட்டையூர் பேன்சி கடையில விக்கக் குடுத்தேன். பிள்ளை நிக்கையில சொல்ல வேணாம்னுதான் அவளைக் கிளாசுக்கு அனுப்புனேன்."

அனுசுயாவின் முகம் வெளுத்தது.

"நான் செஞ்ச மயிலுக்கு நானே எப்படிம்மா பரிசு குடுக்குறது?"