சங்ககிரியில் இறங்கிய மாப்பிள்ளை

“தாலியைக் கட்டாதீங்க! மாப்பிள்ளை எனக்கு வேணும்!”

மூச்சிரைக்கப் பந்தலுக்குள் ஓடிவந்தார் சேலத்து விஞ்ஞானி டாக்டர் அர்த்தநாரி. மேளம் நின்றது. ஊர்ப் பெரியவர் சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஏனுங்க, முகூர்த்த நேரத்துல என்னங்க இது? நீங்க ஆருங்க?”

“மேட்டூர்ல தேடிப் புடிச்சு நாந்தானுங்க கூட்டிட்டு வந்தேன். சங்ககிரியில பஸ் நின்னப்போ கொஞ்சம் கண் அசந்துட்டேன், எறங்கி ஓடிட்டான்.”

“அவரு உங்களுக்கு எதுக்குங்க?”

“ஆராய்ச்சிக்குங்க. நரம்புலயும் சதையிலயும் கண்ணுக்குத் தெரியாத வாசலுங்க இருக்குது. அது தெறந்து உப்பு உள்ள போனாத்தான் காலு அசையும். எழுவத்தி ரெண்டுல ஆரம்பிச்சு, பதினோரு வருசமா அந்த வாசலைத்தான் பாத்துட்டு இருக்கறேன். இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. வெளிநாட்டுக்காரன் முந்திக்கிட்டான்னா அத்தனையும் மண்ணாப் போயிருமுங்க!”

“அதுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?” என்றாள் பெண் வீட்டுப் பாவாயி.

“இந்தப் பஞ்சத்துல எங்கீங்க கெடைக்குது? இவன் தொடையைப் பாருங்க! சேலம் ஜில்லாவுலயே இப்படி ஒரு தொடை இல்லீங்க.”

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தக் கல்யாணம் நின்னா ஊரே நாசமாப் போயிருமுங்க டாக்டரு. உட முடியாது. ஆமா, மாப்பிள்ளைக்குச் சொந்தம்னு ஆராச்சும் இருக்கறாங்களா?”

“ஆரு இருக்கறாங்க? நான்தான்!”

“அட சாமி! மாப்பிள்ளை ஊட்டுப் பக்கம் ஒரு ஆளு இல்லையேன்னு காலையிலிருந்து தவிச்சுக் கெடக்கறோம். சம்பந்தி வந்துட்டாருங்கோவ்!”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. நெற்றியில் சந்தனம், தலையில் உருமாலை. கெட்டிமேளம் கொட்டித் தாலியும் ஏறிவிட்டது.

“சம்பந்தி, இனி பொண்ணையும் மாப்பிள்ளையையும் நீங்கதான் கெணத்துல தள்ளி உடோணும்” என்றார் சின்னண்ணன்.

“ஐயையோ, மாட்டேனுங்க! என் ஆராய்ச்சி?”

“மூணு வருசமா மழை இல்லீங்க, சாமி. கொழந்தைங்க குடிக்கத் தண்ணி இல்லீங்க” என்று பாவாயி அழுதேவிட்டாள்.

அதற்குமேல் மறுக்க டாக்டருக்கு மனசு வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் நின்று அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். மஞ்சள் பூசிய அந்தப் புதுமணத் தவளைகள் இரண்டும் அடியில் மிச்சமிருந்த சேற்றில் ‘தொபுக், தொபுக்’கென்று குதித்தன.