சொக்லேட்டுக்கு எந்த வைன்?

கலந்தர் நானா வைன் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரசிகரைப் போலப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பாக மிச்சம் கிடந்தது.

"யா அல்லாஹ், இன்டைக்கும் மிச்சம்!" என்று தலையில் கை வைத்தார்.

மாத்தளையில் கொக்கோ விளையும் ஒரு தோட்டத்தின் பங்களா அது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருஷமாகியும் முதலாளிமார் லண்டனில்தான் இருந்தார்கள்; கொக்கோவை இங்கிருந்து ஏற்றிவிட்டு, தோட்டத்தை நடத்தும் துரை சாப்பிடச் சொக்லேட்டை அங்கிருந்து அனுப்பினார்கள்.

அந்தச் சமையற்கட்டில் கலந்தர் பதினெட்டு வருஷமாகச் சமையல் பார்க்கும் கோக்கி. ஐந்து வேளையும் தொழுகிறவர், ஒரு சொட்டும் தொட்டதில்லை. வைன் அலுமாரிச் சாவி அவரிடம் வந்ததே அதனால்தான். அதற்குமுன் சாவி வைத்திருந்த மூன்று பேரும் அலுமாரிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவர்கள்.

சாவியோடு இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று தீர்மானிப்பது!

குடிக்காதவர் எப்படித் தீர்மானிப்பார்? கிளாஸைப் பார்த்துத்தான். காலியாகத் திரும்பி வந்தால் பொருத்தம், மிச்சத்தோடு வந்தால் பொருத்தமில்லை. கண்டதையெல்லாம் அரபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு வைன், மீனுக்கு வெள்ளை, சொக்லேட் புடிங்குக்கு இனிப்பான போர்ட் வைன். ரத்தோட்டை வரைக்கும் உள்ள துரைசானிமார், விருந்து என்றால் கலந்தரிடம் கேட்டுத் துண்டுச் சீட்டு அனுப்பினார்கள்.

அப்பேர்ப்பட்ட கலந்தருக்கு நாலு நாளாக ஒவ்வொரு கிளாஸும் மிச்சத்தோடு வருகிறது. அதே சாப்பாடு, அதே போத்தல்.

"அந்தோனி, தொர ஏதும் சொன்னாரா?"

"ஒன்னும் சொல்லலீங்க நானா. சாப்புட்டாரு, ஏப்பம் விட்டாரு, எந்திரிச்சிட்டாரு."

அந்தோனி தோட்டத்துக் காவல்காரன். மேசையிலிருந்து தட்டும் கிளாஸும் எடுத்து வருகிற மெனிக்கே, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நாவுலவுக்குப் போனதால் வந்த பதிலாள். ஆள் வலு சுறுசுறுப்பு. சாப்பாட்டு அறையிலிருந்து குசினிக்கு வரும் நீண்ட விறாந்தையை நாலே எட்டில் தாண்டிவிடுவான். மெனிக்கேக்கு முழங்கால் வலி. அவள் அதே விறாந்தையைக் கடந்து வருவதற்குள் கலந்தர் நாலு வெங்காயம் உரித்துவிடுவார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு லண்டனிலிருந்து பெரிய துரை வருகிறார். வைனில் புலியாம். பங்களாத் துரை குசினி வாசலில் நின்று தன் தோட்டத்துத் தமிழில் நிலைமையை விளக்கினார்.

"கலந்தர், பெரிய தொர சந்தோசம், நீ இங்க. பெரிய தொர சந்தோசம் இல்ல, கொழும்பு ஹோட்டல் ஆளு இங்க. நீ வீட்டுக்கு."

விடிந்ததும் கலந்தர் கொப்பியை மூடி உறியில் போட்டார். சொக்லேட் புடிங்குக்கென்று ஒரு வெள்ளை வைன் போத்தலை வெளியில் எடுத்து வைத்தார். அந்த நேரம், முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தலையில் ஒரு பலாப்பழத்தோடு இரண்டு மைல் மேட்டை ஏறி வந்து நின்றாள் மெனிக்கே.

"நானா, பேத்தி பொறந்திருக்கா!"

"மாஷா அல்லாஹ்! அங்க பொறப்பு, இங்க எனக்கு மவுத்து."

"அது என்னத்துக்கு வெள்ளப் போத்தல்?"

"சொக்லேட் புடிங்குக்கு."

"ஐயோ! கொப்பியில அப்பிடியா இரிக்கி?"

"கொப்பி பொய்யாப் போச்சி புள்ள. நாலு நாளா போர்ட்டும் மிச்சம், எல்லாம் மிச்சம்."

மெனிக்கே பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு வெள்ளைப் போத்தலை ஓரமாகத் தள்ளினாள்.

"நான் சொல்றதக் கேளுங்க. கொப்பியில உள்ளதயே அனுப்புங்க."

கேட்க வேறு ஆள் இல்லாததால் கலந்தர் கேட்டார். பகல் மீன் போனது, வெள்ளை வைன் போனது, கிளாஸ் காலி. ஆட்டிறைச்சி போனது, சிவப்பு போனது, கிளாஸ் காலி. கடைசியாகச் சொக்லேட் புடிங்கும் போர்ட்டும் போயின. கலந்தர் வெங்காயமே இல்லாமல் கண் கலங்கி நின்றார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெனிக்கே வந்தாள். துரைமார் இருவரின் கிளாஸும் கழுவி எடுத்த மாதிரி இருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்!"

பின்னாலேயே பெரிய துரை குசினிக்குள் வந்து கலந்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பங்களாத் துரை மொழிபெயர்த்தார்.

"பெரிய தொர ரொம்ப சந்தோசம். சொக்லேட்டுக்கு இப்பிடிப் போர்ட், பிரான்ஸ்லயும் பாக்கலியாம். உன் நாக்கு தங்கம் சொல்லுது."

கலந்தர் தங்க நாக்கை உள்ளே வைத்துக்கொண்டு அடக்கமாகச் சிரித்தார்.

"இன்னொன்னும் சொல்லுது. டாக்டர் ரெண்டு வாய்க்கு மேல குடிக்க வேணாம் சொல்லியிருக்கு. அதுதான் எல்லாக் கிளாஸ்லயும் பாதி மிச்சம் வச்சது. நீ கோவிக்க வேணாம்."

துரைமார் போய்விட்டார்கள். கலந்தர் பெரிய துரையின் கிளாஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு சொட்டும் இல்லை. மெல்லத் திரும்பினார்.

மெனிக்கே கத்திக்கு எண்ணெய் தடவி, பலாப்பழத்தை வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லா இருந்தா மட்டுந்தான் குடிப்பேன், நானா."