அரக்கு வைத்த டப்பா

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பதிவேட்டை நம்பினால், எல்லோரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அரசாங்கம் அதை நம்பவில்லை. அதனால் யார் மேஜர், யார் மைனர் என்று பார்க்க, தலைநகரிலிருந்து அரக்கு முத்திரையிட்ட தகர டப்பாக்கள் வரும். ஒரு வாரம் திறக்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் மேஜர். திறந்தால் மைனர்.

சித்தப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்ல, செண்பகவல்லிக்கு மேஜர் சான்றிதழ் வேண்டியிருந்தது. சித்தப்பாவும் கூடவே வந்திருந்தார். ஒரு வாரம் கழித்து அவள் திருப்பிக் கொடுத்த டப்பாவை அதிகாரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரக்கு புதுசா மினுங்குதே?"

"தொடச்சு வச்சேன் சார்."

காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. "உள்ள இருந்தது எங்கம்மா?"

"உள்ள என்ன சார் இருந்துச்சு?"

அதிகாரி வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் டப்பா வாங்கி மேஜர் ஆனவர்தான்.

"பொய் சொல்றா சார்!" என்று சித்தப்பா குதித்தார். "கடலை உருண்டை இருக்கும். ரெண்டு! எனக்கு ரெண்டு இருந்துச்சு!"

அதிகாரி அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்துச் சித்தப்பாவின் பக்கம் நகர்த்தினார். செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டு, கடைவாய்ப் பல்லை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தாள்.