எழுதியவர் பெயர் தெரியவில்லை

"ஹாஜா, தப்பா எடுத்துக்காதீங்கோ. எழுதினது நீங்கதான், இல்லேங்கலை. மேடையில முகுந்த் படிக்கட்டுமே" என்றார் கஸ்தூரிரங்கன்.

எப்போதும் "கவிஞரே" என்று கூப்பிடுகிறவர் அவர்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு பள்ளி அரங்கம். மேடைக்குப் பின்னால், திரை ஓரமாக இருவரும் நின்றிருந்தார்கள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துத் தீபாவளி விழா. ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, செப்டம்பரில் விமானங்கள் மோதி இடிந்த இரட்டைக் கோபுரங்களில் இறந்தவர்களுக்கு அஞ்சலி என்று மாற்றியிருந்தார்கள். மேயர் வந்திருந்தார். அவர் பக்கத்தில் ஊர் போலீஸ் சீஃப், சீருடையோடு.

"டைம் சரியில்லை, பாருங்கோ. உங்க பேரை மைக்ல அனௌன்ஸ் பண்ணி, யாராவது ஏதாவது சொல்லிட்டா? உங்க சேஃப்டிக்காகத்தான்."

ஹாஜா நஜ்முதீன் உடனே சரி என்றுவிட்டார். வாக்குவாதத்துக்குத் தயாராக வந்த சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

தமிழ்ச் சங்கத்தின் ஆஸ்தான கவிஞர் ஹாஜாதான். பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் புரோகிராம் எழுதுவார். பொங்கலுக்கு வாழ்த்துப்பா, சென்னையிலிருந்து வருகிற நடிகருக்கு வரவேற்புப்பா, யாராவது போய்விட்டால் இரங்கற்பா. கூலி, வருஷத்துக்கு ஒரு பொன்னாடை.

ஆங்கில அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே 'பொயட் லாரியட்' என்று அச்சடிப்பார்கள். அவர் மனைவி ரஹ்மத் அதில் ஒன்றைச் சொந்த ஊரான மேலப்பாளையத்துக்கு அனுப்ப, அங்கே அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

இந்த வருஷ அழைப்பிதழில் அந்த வரி இல்லை. இடம் போதவில்லையாம்.

முகுந்த் மேடை ஏறினான். கஸ்தூரிரங்கனின் மகன், காலேஜில் படிக்கிறவன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தான். அவன் திணறிய இடங்களில் எல்லாம், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

மறந்துபோன சாப்பாட்டு டப்பாவுக்காக
பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தாய்.
நீ வந்தது அதுதான் கடைசி.
போகிற இடத்தில் எல்லாம் உன் பெயரை
எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்கிறார்கள்.
சொல்கிறோம்.
பட்டியலில் இல்லை என்கிறார்கள்.

அதையே அவன் ஆங்கிலத்திலும் சொன்னான்.

முன்வரிசையில் தீக்ஷா உடைந்து அழுதாள். அவள் கணவன் அந்தக் கோபுரங்களின் மாடி ஒன்றில் வேலை பார்த்தவன். மோதிரம்கூடக் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த ரஹ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ல நடந்ததை அப்படியே எழுதியிருக்காங்க, ஆன்ட்டி" என்றாள்.

ரஹ்மத் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகையில், தீக்ஷாதான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

அரங்கமே எழுந்து நின்றது. போலீஸ் சீஃப் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

முகுந்த் இறங்கி வந்ததும் மேயர், யார் எழுதியது என்று விசாரித்தார். நாலடி தள்ளி ஹாஜா மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரிரங்கன் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இது எங்கள் பழைய இலக்கியம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு, எழுதியவர் பெயர் தெரியவில்லை.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏது சாப்பாட்டு டப்பா என்று மேயருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆச்சரியத்தில் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

சாப்பாட்டு மேஜையில் சாம்பார் சாதத்துக்கு நீண்ட வரிசை. கஸ்தூரிரங்கன் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். இப்போது அவர் முகத்திலிருந்து பாரம் இறங்கியிருந்தது.

"கவிஞரே, உங்க மச்சினன் இர்ஃபான் எங்கே? அவன் இல்லாம பரிமாற ஆளே இல்லை."

"ஊருக்குப் போயிருக்கான், சார்."

எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

இர்ஃபான் ஊருக்குப் போகவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, மறந்த டப்பாவைத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவனை அபார்ட்மெண்ட் வாசலில் வைத்து, கோட் போட்ட இரண்டு பேர் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசா விஷயமாக ஒரு சின்ன விசாரணை என்றார்கள். எந்த ஊர்ச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று வக்கீலாலும் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கோபுரங்களைப் பற்றி எழுதத்தான் ஹாஜா உட்கார்ந்தார். வந்தது இதுதான்.

போலீஸ் சீஃப் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் வந்தார். ரஹ்மத் அழுததை அவர் பார்த்திருக்க வேண்டும். ஹாஜாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உங்கள் குடும்பத்திலும் ஒருவரைப் பறிகொடுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். மனதாரத்தான் கேட்டார்.

அவன் சாகவில்லை, எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இவ்வளவும் ஹாஜாவின் நாக்கு வரை வந்துவிட்டது.

அப்புறம் அவன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"தேங்க் யூ, ஆபீஸர்" என்றார்.