ராசிபுரத்து வேட்டி போதுங்க

தலை தீபாவளிக்கு அழைக்க வந்த மாமனார் பைக் பேச்சை எடுத்ததும்தான், நாமக்கல்லில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் அன்பரசுக்கு நாட்டுப் பொருளாதாரத்தின் மேல் திடீர் அக்கறை வந்தது.

"எந்தக் கலர் வேணும்னு சொல்லீட்டீங்கன்னா புக் பண்ணீரலாமுங்க, மாப்ள," என்றார் நாச்சிமுத்து.

"பைக் வேண்டாமுங்க, மாமா. இந்த வருஷம் உள்ளூர்ல செஞ்ச பொருள் மட்டுந்தான்னு முடிவு பண்ணியிருக்கேன்."

நாச்சிமுத்து தன் மனைவி செல்லாயியைப் பார்த்தார். மூத்த மருமகனுக்குப் பைக் கொடுத்தாயிற்று. சின்னவருக்குக் கொடுக்காவிட்டால் சொந்த ஊரான எருமப்பட்டியில் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அவர் கவலை.

"பைக்கும் ஓசூர்லதானுங்களே செய்யறாங்க?"

அன்பரசு கொஞ்சம் திணறினான். "ஓசூர் வேற மாவட்டமுங்களே, மாமா."

"அப்ப என்னதான் வேணுமுங்க?"

"ராசிபுரத்துத் தறி வேட்டி ஒண்ணு. அத்தை கையால சுட்ட முறுக்கு. யோசிச்சுப் பாருங்க. வேட்டிக் காசு நெசவாளிக்குப் போகும். அவரு மளிகைக் கடையில குடுப்பாரு. மளிகைக்காரர் தன் ஊட்டு மாட்டுக்கு எங்கிட்டத் தீவனம் வாங்குவாரு. காசு நம்ம சனங்ககிட்டயே சுத்துமுங்க. நாடு தானா முன்னேறும்."

"ஒரு வேட்டியிலயாங்க?" செல்லாயி அப்பாவியாகக் கேட்டாள்.

"ரெண்டாக் குடுத்தீங்கன்னா இன்னும் வெரசா முன்னேறும், அத்தை."

செல்லாயி சிரித்துவிட்டாள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி நித்யஸ்ரீ, கதவைச் சாத்தினாள்.

"ஏனுங்க, உங்க சட்டைப் பையில இருக்கற ஃபோன் எந்த ராசிபுரத்துல செஞ்சது?"

அன்பரசு பையைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா ஊட்டுக்காரருக்குப் பைக், உங்களுக்கு வேட்டியா? எங்கப்பாவால முடியாதுன்னு நீங்களே முடிவு கட்டீட்டீங்க. அவரு மொகம் எப்படிச் சுருங்கிப் போச்சுன்னு பார்த்தீங்களா?" அவளுக்கு அழுகை முட்டியது.

"பார்த்தேன் புள்ள. எனக்கும் சங்கட்டமாத்தான் இருந்துச்சு. நேரா வேண்டாம்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு. அதான் வாய்க்கு வந்ததெல்லாம் உளறி வெச்சேன்."

"எதுக்கு உளறணும்?"

"முந்தாநேத்து மாட்டு யாவாரி ஒருத்தர் தீவனம் வாங்க வந்தாரு. எருமப்பட்டியில ரெண்டு கறவை மாடு விலை பேசியிருக்கேன், மருமகனுக்குப் பைக் வாங்கணும்னு விக்கறாங்கன்னாரு. யாரு ஊட்டு மாடுன்னு கேட்டேன். உங்கப்பா பேரைச் சொல்றாரு."

அந்த ரெண்டு மாட்டுப் பாலில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்பது நித்யஸ்ரீக்குத் தெரியாதா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏனுங்க, அந்த நெசவாளி, மளிகைக்காரர் பேச்சை மறந்துராதீங்க. அடுத்தாப்புல தலைப் பொங்கல் வருது."